முப்பத்தொன்பது பாடங்கள்

எங்கள் பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் அவரை டைம்டேபிள் சார் என்பார்கள். நான் மட்டும் அண்ணன் என்பேன். இருபத்தோரு வருஷம் எதிரெதிர் மேஜை. பிழைக்கத் தெரியாத மனிதர். இதை அவர் முகத்துக்கு நேராகவே நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிற பிள்ளை இசையும் படிக்கலாம். கணக்குப் படிக்கிறவள் தத்துவ வகுப்பில் போய் உட்காரலாம். அப்படி அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவது சுலபம். ஆய்வுக்கூடமும் இசை வகுப்பும் ஒரே செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து விழுந்தால் அந்தப் பிள்ளை என்ன, உடம்பை இரண்டாகப் பிளந்துகொண்டா போகும்? அந்த மோதலையெல்லாம் பிரித்துவிடுகிற ஆள் அண்ணன். பெரிய தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் தாளில்தான்.

அவர் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் ஊழியர்களும் செமஸ்டருக்கு ஒரு பாடம் படிக்கலாம் என்று இங்கே ஒரு சலுகை உண்டு. மாணவர்கள் பதிவு முடிந்து, இடம் மிச்சமிருந்தால் மட்டும். கடைசி நாள் ஐந்து மணிக்கு அண்ணன் பட்டியலை எடுப்பார். எதில் இடம் இருக்கிறதோ அதில் தன் பெயரை எழுதுவார். வானியல், மண்பாண்டம், புள்ளியியல், பறவைகள், நாடக ஒளியமைப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

"தங்கச்சி, ஒரு நட்சத்திரம் அணையறதுக்கு எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா?" என்பார்.

"உங்க மேஜைல இருக்கிற ஃபைல் முடியறதுக்குள்ள அணைஞ்சுடும்ணே" என்பேன். வெட்கமாகச் சிரிப்பார்.

ஓய்வு பெற ஒரு செமஸ்டர் இருக்கும்போது அவர் மனைவி கேட்டிருக்கிறார்: "இத்தனை படிச்சீங்களே, ஒரு பட்டம் வாங்கக் கூடாதா?" பட்டத்துக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அவருடைய பதிவேட்டைத் திறந்தேன். முப்பத்தொன்பது பாடங்கள், பத்தொன்பது துறைகள். தலையில் அடித்துக்கொண்டேன். நாற்பது பாடம் வேண்டும். அதில் எட்டு ஒரே துறையில் இருக்க வேண்டும், அந்த எட்டில் ஒன்று உயர்நிலைப் பாடம். ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொரு முதல் வருஷப் பிள்ளையிடமும், "கண்டதையும் எடுக்காதேம்மா, ஒண்ணுல எட்டு வேணும்" என்று வாய் வலிக்கச் சொன்ன மனிதர், தனக்கென்று வந்தபோது எட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நல்லவேளை, வரலாற்றில் ஏழு இருந்தது. உயர்நிலைப் பாடம் ஒன்றே ஒன்று முடித்தால் போதும். அந்த செமஸ்டரில் வரலாற்றுத் துறையில் அப்படி இருந்ததும் ஒன்றே ஒன்று: 'நோயும் நகரமும்'. வரலாற்றுப் பேராசிரியரும் உயிரியல் பேராசிரியரும் சேர்ந்து நடத்துவது. பழைய மருத்துவமனைப் பதிவுகளைப் படித்துவிட்டு, அதே நோயின் கிருமியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இருந்தது பன்னிரண்டு மைக்ரோஸ்கோப், அதனால் பன்னிரண்டு பேர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். ஓய்வு பெற்றால் சலுகையும் போய்விடும். அண்ணனுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

பதிவு நடந்த வாரம் முழுக்க நாளுக்கு நாலு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். கடைசி நாள் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். பதினோரு பேர். பன்னிரண்டாவதாகத் தன் பெயரை எழுதினார். வீட்டுக்குப் போன் போட்டு, "கிடைச்சிருச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். உயிரியலும் வரலாறும் சேர்த்துப் படிக்கிற கடைசி வருஷ மாணவி. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அலைந்ததில் பதிவுத் தேதியைத் தவறவிட்டிருக்கிறாள். அவளுக்கும் அந்த ஒரு பாடம்தான் பாக்கி. முடித்தால் வேலை தயாராக இருக்கிறது என்று கடிதத்தைக் காட்டினாள்.

"இடம் இல்லம்மா" என்றேன்.

பேராசிரியர்களைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஓடினாள். அண்ணன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"உக்காருங்கண்ணே! ரூல்படிதானே எழுதினீங்க? இருபத்தோரு வருஷம் மிச்சத்துலயே உக்காந்தது போதாதா? வீட்ல அக்காவை நினைச்சுப் பாருங்க."

உட்கார்ந்தார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பேராசிரியர்களும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமையோடு, யாராவது விலகினால் அந்த இடத்தில் சேரும் தேதியும் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் வகுப்புக்குப் போனார். நட்சத்திரம் பற்றிப் பேசியது போல இந்த வகுப்பைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை பாடத்தை விட்டுவிடும் படிவத்தை என் மேஜையில் வைத்தார். காரணம் எழுதுகிற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"லைப்ரரிக்குப் போனேன் தங்கச்சி. அந்தப் பொண்ணு அங்க புத்தகம் அடுக்குது. லெட்டர் காட்டுச்சே, அந்த வேலை கைவிட்டுப் போயிடுச்சாம். என் கைல இருந்த பாடப் புத்தகத்தைப் பாத்துட்டு, அந்தப் பன்னிரண்டாவது ஆள் நீங்களா சார்னு கேட்டுச்சு."

"திட்டினாளா?"

"திட்டியிருந்தா நான் முடிச்சிருப்பேன். நல்லா படிங்க சார்னு சொல்லிட்டு, எனக்கு வேண்டிய புத்தகத்தையும் தேடி எடுத்துக் குடுத்துச்சு."

"இப்ப விட்டா மட்டும் அவளுக்கு இடம் கிடைக்குமா? சேர்ற தேதி போயாச்சே!"

"தெரியும். அந்தத் தேதியைப் போட்டதே நான்தானே. ஆனா அங்க உக்கார முடியல தங்கச்சி."

முத்திரை குத்தினேன். வேறென்ன செய்ய? அவரை உட்கார வைத்தவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தராவது பட்டம் வாங்கியிருப்பார். இப்போது இரண்டு பேருக்கும் இல்லை. அதற்குப் பிறகு செமஸ்டர் முடியும்வரை அந்த வகுப்பில் ஒரு மைக்ரோஸ்கோப்பை உறையைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

தேர்வுகள் முடிந்த வாரம் அலுவலகப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அண்ணனின் மனைவி.

"ஏம்மா, இவரைக் கேட்டா பேச்சை மாத்துறாரு. பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டுலேர்ந்து எத்தனை பேர் வரலாம்?"

எதிர் மேஜையில் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ரெண்டு பேர் வரலாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.