முதுகுவலிப் பாட்டு

நெடுந்தீவில் ஒரு பாடசாலையில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்தேன். அங்கே பட்ட கஷ்டத்தைக் கேட்பவர்கள் நான் கடலைச் சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். கடலோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. காற்றுக் காலத்தில் சத்தி எடுக்க வைத்தாலும் அது பாட்டுப் பாடவில்லை.

பாடியவர், நாங்கள் போய்வந்த தனியார் படகில் ரிக்கற் கிழிப்பவர். குறிகட்டுவான் இறங்குதுறையில் கயிற்றை அவிழ்த்து, எல்லோரிடமும் காசு வாங்கி முடித்ததும், இஞ்சின் பெட்டிக்குப் பின்னாலிருந்து கிற்றாரை எடுப்பார். எல்லாம் அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்ட பாட்டுகள். மற்றவர்கள் எழுதியதைப் பாடமாட்டார், அது கொள்கையாம். கிற்றாரில் ஐந்து தந்திதான் இருந்தது. ஆறாவது எப்போது அறுந்ததோ தெரியாது, அவர் அதைத் தேடியதாகவும் தெரியவில்லை. நெடுந்தீவு வரும்வரை ஒரு மணித்தியாலம். பிடிக்காதவர் எழுந்து போவதென்றால் கடலுக்குள்தான் போகவேண்டும். "சனம் அசையாமல் இருந்து கேக்குது" என்று அவர் பெருமைப்பட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

படகோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். ஒருமுறை சரவணை என்ற ஊரில் ஒரு சனசமூக நிலையத்தில் அவருக்கு மேடை கொடுத்தார்கள். எங்கள் அதிபர் பிரதம விருந்தினர் என்பதால் ஆசிரியர்கள் எல்லோரும் போகவேண்டியதாயிற்று. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்தினார். கடைசியில் அவர் பாட வாயெடுக்க, "நேரம் போட்டுது அண்ணை, ரெண்டு பாட்டோட முடிப்பம்" என்று செயலாளர் அவருடைய காதுக்குள் சொன்னது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அந்தச் செயலாளரைக் கும்பிடவேண்டும் போலிருந்தது. முதல் பாட்டு நெடுந்தீவுக் காட்டுக் குதிரைகளைப் பற்றியது. "குதிரையே, குதிரையே, எங்கே போகிறாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தப் பாட்டிலிருந்து தப்பத்தான் அது ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது. வியர்த்து ஒழுகியும் பொன்னாடையை மட்டும் அவர் கழற்றவில்லை.

அவருடைய பாட்டுகளில் கொஞ்சமாவது எடுபட்டவை படகில் வருபவர்களைப் பற்றியவை. கோழிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு வருபவர், வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் வங்கி உத்தியோகத்தர் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு அடி கட்டுவார். மற்றவர்களைப் பற்றியதென்றால் நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, இடமாற்றம். யாழ்ப்பாணத்தில் நான் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது என் சின்ன மகள் நித்திரையாக இருப்பாள். திரும்பி வரும்போது தூங்கி விழுந்துகொண்டிருப்பாள். அவள் முதல் அடி எடுத்து வைத்ததை நான் போனில்தான் பார்த்தேன். தீவில் நான் செய்யவேண்டிய சேவைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பாடசாலையில் கணிதத்துக்கு நான் ஒருத்திதான். "பதிலாள் வந்தால் விடுவம்" என்று கல்விக் கந்தோரில் சொல்வார்கள். பதிலாள் வரமாட்டார் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே எனக்கு முதுகுவலி வந்தது. சொந்தத்துக்குள் ஒரு வைத்தியர் இருந்தார். அவர் எழுதித் தந்த கடிதத்தின்படி நான் உயிரோடு இருப்பதே பெரிய காரியம். கடற்பயணம் அறவே கூடாது என்று கடைசியில் எழுதியிருந்தார். கடிதத்தைக் கந்தோரில் கொடுத்தேன்.

இதை நான் ஒரே ஒருவரிடம், பக்கத்தில் இருந்த விஞ்ஞான ரீச்சரிடம், படகில் வைத்துச் சொன்னேன். அந்தப் படகில் இரகசியம் பேசுவதென்றால் இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தவேண்டும். நானும் கத்தித்தான் சொன்னேன். ஆறு வருடம் போய்வந்தவளுக்கு இந்த அறிவுகூட இருக்கவில்லை.

அடுத்த கிழமை புதுப் பாட்டு வந்தது.

"முதுகுக்குள்ள நோவெண்டு
மூண்டு கடிதம் போட்டாவாம்
குறிகட்டுவான் துறையில
குதிச்சுப் படகில் ஏறினாவாம்"

படகே சிரித்தது. எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவர் விஞ்ஞான ரீச்சர். அவருடைய இடமாற்ற விண்ணப்பம் அந்த நேரம் அவருடைய கைப்பையில்தான் இருந்தது. யாரோ அதைப் போனில் பிடித்து முகநூலில் போட்டார்கள். மறுநாள் பதினோராம் வகுப்புக்குள் போனால் ஒரு சத்தமும் இல்லை. முன் வரிசை வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "ரீச்சர், நீங்கள் போகப்போறீங்களோ?" என்று கேட்டாள்.

"ஆர் சொன்னது? நான் ஒரு இடமும் போகேல்லை. கணக்கைச் செய்யுங்கோ" என்றேன். நாற்பது நிமிடமும் கரும்பலகையைப் பார்த்தபடியே படிப்பித்தேன்.

பாட்டு கந்தோர்வரை போய்விட்டது. முதுகுவலி பற்றி விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அன்று பின்னேரம் குறிகட்டுவானில் எல்லோரும் இறங்கிய பிறகு அவரைப் பிடித்தேன். எப்போதும் "அண்ணை, நீங்கள்" என்று பேசுபவள் அன்று "நீர், உமக்கு" என்று இறங்கிவிட்டேன்.

"உமக்கு வெக்கமில்லையோ? அதொரு பாட்டோ? ராகமும் இல்லை, தாளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதைப் பாடி என்ர இடமாற்றத்தைக் கெடுத்துப்போட்டீர்."

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "பாட்டுச் சரியில்லை எண்டு எனக்கும் தெரியும் ரீச்சர். குதிரைப் பாட்டுத்தான் திறம். இது அவசரத்துக்குக் கட்டினது."

"என்ன அவசரம்?"

"கடிதம் எழுதினால் கந்தோரில ஆர் வாசிக்கினம்? பாட்டெண்டால் சிரிக்கிறதுக்காவது கேப்பினம். மகளுக்கு இந்த வருஷம் சோதினை. நீங்கள் போனால் கணக்குக்கு ஆளில்லை."

எந்த மகள் என்று கேட்டேன். முன் வாங்கில் இருப்பவள்தான். தகப்பனுக்குப் படகில் வேலை என்று அவள் சொல்லியிருந்தாள். எந்தப் படகு என்று நான் கேட்டதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்ததுமில்லை. அந்த நேரம் அவர் நடுக்கடலில் வேறு யாருக்காவது பாடிக்கொண்டிருந்திருப்பார்.

நான் பஸ்ஸில் ஏறினேன்.

விசாரணையில் அதிகாரி பாட்டைத் தன் போனில் போட்டு, குதித்து ஏறும் அடியை இரண்டு தரம் கேட்டுச் சிரித்தார். "உண்மையிலேயே நோவோ ரீச்சர்?" என்றார். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றுதான் போயிருந்தேன். ஆனால் கதிரையிலிருந்து எழும்பும்போது என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று, வாய் "அம்மா" என்றது. பாட்டுக்காரர் படகில் பாடிய எல்லாப் பாட்டையும்விட அது திறமாக இருந்தது. அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு இடமாற்றத்துக்குக் கையெழுத்து வைத்தார்.

இப்போது நான் இருக்கும் பாடசாலை வீட்டுக்குப் பக்கத்தில். கணிதத்துக்கு மூன்று பேர் இருக்கிறோம். பாடமில்லாத நேரம் தேத்தண்ணி குடித்தபடி மற்றவர்களைக் குறை சொல்கிறோம். மத்தியானம் மகளோடு சாப்பிடுகிறேன். பரீட்சை முடிவுகள் வந்து ஒரு வருடமாகிறது. முன் வாங்கில் இருந்த பிள்ளைக்குக் கணக்கில் என்ன வந்தது என்று நான் இன்னும் ஒருவரிடமும் கேட்கவில்லை.