மரித்தோர் திருநாளில் ஓர் இலைச் சோறு

போன வருடம் எங்கள் தேவாலய மண்டபத்தில் ஹாலோவீன் கொண்டாடப் போவதாக இளைஞர்கள் கிளம்பினார்கள். பூசணிக்காய், பேய் வேடம், எல்லாம் தயார். பங்குத்தந்தை, "மாஸ்டர், இது எங்கயிருந்து வந்ததுன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். கண்டியில் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். திட்டுவதற்காகத்தான் படிக்க உட்கார்ந்தேன்.

அயர்லாந்துப் பக்கத்துப் பழைய மக்கள், அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் அக்டோபர் கடைசி இரவில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக நம்பி உணவு வைத்தார்களாம். அறிஞர்கள் எல்லோரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் பின்னாளில் திருச்சபை புனிதர்களின் நாளையும் மரித்தோரின் நாளையும் அதையொட்டியே நவம்பரின் முதல் இரண்டு நாட்களில் அமைத்தது. மக்கள் அன்று ஆன்மாக்களின் பெயரால் அப்பம் சுட்டுக் கொடுத்தார்கள்.

அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

என் மனைவி ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து இந்துப் பெண். என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்றவள். தீபாவளிக்கு முதல்நாள் அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். மணமான முதல் வருடம் அவள் அதை மரித்தோர் திருநாளுக்கு மாற்றிக்கொண்டாள். சிலுவைக்கு முன்னால் மெழுகுவர்த்தி, வாழையிலையில் அவள் அப்பாவுக்குச் சோறு. நான் இலையோடு அள்ளிக் குப்பையில் போட்டேன். "பேய்க்குச் சோறு போடுற வீடில்ல இது" என்றேன். அவள் தரையைத் துடைத்தாள். திருச்சபை செய்ததைத்தான் அவளும் செய்தாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

போன வருட மரித்தோர் திருநாளன்று காலை அடுப்படிக்குப் போய் அவளிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் செஞ்சது பெரிய தப்பு. இந்த வருஷம் ஒங்கப்பாவுக்குப் படைப்போமா?"

"மாஸ்டருக்கு இப்பத்தான் புத்தகத்துல வந்திருக்கா?"

"சிரிக்காத."

"இத்தன வருஷமும் எங்கப்பாவப் பட்டினி போட்டேன்னா நெனச்சீங்க? நீங்க காலைப் பூசைக்குப் போனதும் வச்சிருவேன். ஒங்கம்மாவுக்கும் சேத்துத்தான். அவங்களுக்கு நெத்தலி பொரிச்சு வைக்கணும்."

அம்மாவுக்கு நெத்தலி பிடிக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"கதிரையில ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்காம நீங்களே வைங்க" என்றாள். முட்டி வலியோடு குனிந்து இரண்டு இலை போட்டேன். ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டேனாம், அவள் சரிசெய்தாள். செபம் சொன்னோம். பிறகு அந்தச் சோற்றையே இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். நெத்தலியில் பெரும்பங்கை என் பக்கம் தள்ளினாள்.