கேட்டுப் பரிமாறிய நாட்கள்

நான் ஒன்பதாவது வரை படித்தவன். என் மனைவி எம்.பி.ஏ. படித்தாள். எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மற்ற வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு வில்லாபுரத்தில் புரோட்டாக் கடை. சாயங்காலம் திறப்போம். அவள் டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். கல்யாணத்துக்கு முன்பும் நின்றாள், பின்பும் நின்றாள். புதிதாக வரும் பெண்களுக்குச் சேலை விரிக்க, மடிக்க, வருகிறவர்களிடம் பேசச் சொல்லிக்கொடுப்பதற்கு அங்கே தனியாக ஒரு வேலை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதை ஏற்கெனவே அவள்தான் செய்துகொண்டிருந்தாள், நின்றபடி. உட்கார வேண்டுமானால் பெரிய பட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பி.காம். முடித்துத்தான் என்னைக் கட்டியிருந்தாள். அது போதவில்லை. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தாள். தல்லாகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. நான் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன்.

கடைசியில் அவள் எடுத்த பாடத்துக்குப் பெயர் பணியாளர் பயிற்சியும் மேம்பாடும். அடுப்படியில் நின்று சத்தமாகப் படிப்பாள். நானும் கேட்டேன். நிறுவனம் என்றால் என்ன, பணியாளர் என்றால் யார், அவரிடம் என்ன குறை, அதைப் பயிற்சி கொடுத்து எப்படிச் சரிசெய்வது. குறை இல்லாத பணியாளரைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

படித்தால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு நிறுவனத்துக்குப் போய், அங்கே இருக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று மார்க் எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிராஜக்ட் என்று பெயர். அது தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் நாற்காலி.

அவளுடைய ஜவுளிக்கடையிலேயே கேட்டாள். கடை விஷயம் வெளியாட்களுக்குச் சொல்வதில்லை என்றார்கள். நான் வெளியாள் இல்லையே என்றிருக்கிறாள். அப்படியென்றால் கட்டாயம் சொல்வதில்லை என்றார்கள். மற்ற கம்பெனிகளில் வாட்ச்மேன் வரைக்கும்தான் போக முடிந்தது. வாட்ச்மேன்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்று வந்து சொன்னாள். மறிப்பதை நன்றாகவே மறிக்கிறார்களாம்.

ஒருநாள் மதியம் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“நம்ம கடையில செஞ்சா என்னங்க?”

“இது கடைதான.”

“ஆளு வச்சு வேலை வாங்குனா நிறுவனம்தான். எம்புட்டு ஆளுன்னு புத்தகத்துல போடலை.”

மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவுகிற அக்கா, நான். இதுதான் நிறுவனம். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் உடனே சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இல்லாத கம்பெனியை வைத்து எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். கடை இருக்கிறது என்பதே அவருக்குத் திருப்தி.

முதல் வேலை, பணியாளரிடம் குறை கண்டுபிடிப்பது. சாயங்காலம் கல்லாப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மாஸ்டரிடம் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. சப்ளையரிடம் சிக்கியது.

சப்ளையர் டி. கல்லுப்பட்டிக்காரர். என் வயதுதான். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறார். தெரிந்த ஆள் வண்டியை ஸ்டாண்ட் போடும்போதே உள்ளே இலை விழும். ஆள் உட்காரும்போது புரோட்டா விழும். யாருக்கு எத்தனை, யாருக்கு முறுகல், யாருக்குப் பிய்த்துப் போட்டு சால்னாவில் ஊற வைக்கணும், எதையும் கேட்க மாட்டார். வாயைத் திறந்தால் “தள்ளி உக்காரு” என்பார். அவ்வளவுதான் பேச்சு. எங்கள் பக்கத்துக் கடைகளில் பொதுவாக அப்படித்தான். பழகிய ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை.

அவள் எழுதினாள்: சிரிப்பதில்லை, வணக்கம் சொல்வதில்லை, வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிவதில்லை.

அடுத்தது, பயிற்சிக்கு முன்னால் சாப்பிடுகிறவர்களிடம் மார்க் வாங்குவது. சேவைக்கு, சுத்தத்துக்கு, பேச்சுக்கு, எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று போட வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருகிறவரிடம் தாளை நீட்டினாள். எல்லோரும் முதலில் மாஸ்டரைப் பார்த்தார்கள். கல்லுக்குப் பின்னால் அவர் கையில் தோசைத்திருப்பி இருந்தது. எல்லோரும் ஐந்து போட்டார்கள். ஒரு லோடுமேன் தாளை வாங்கவே இல்லை. “சோறு போடுற எடத்துல மார்க்கு போடச் சொல்றியேத்தா. முழுசா நீயே போட்டுக்க” என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் கடைக்கு நூற்றுக்கு நூறு. எனக்கு வாழ்க்கையில் அப்படி வந்ததில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

“முன்னாடியே முழு மார்க்குன்னா, பயிற்சி எதுக்குன்னு கேப்பாங்கல்ல.”

ஆனாலும் பயிற்சி நடந்தது. காலை நேரம், கடை மூடியிருக்கும்போது. விலைப்பலகையை அழித்து அதில் எழுதினாள். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் குளித்து விபூதி பூசி வந்திருந்தார். முடிவில் சர்டிபிகேட் உண்டா மதினி என்று கேட்டார். உண்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் அக்கா, தனக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே, சுவரைப் பார்த்துச் சிரிக்கணுமா என்று கேட்டார். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

பிறகு நடித்துக் காட்டும் பயிற்சி. நான் கோபமான வாடிக்கையாளர். சப்ளையர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டும். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

“கோவப்படுங்க.”

“எதுக்கு?”

“சால்னா ஆறிப்போச்சு.”

“சுடவச்சு ஊத்தச் சொல்லு.”

“மதினி, அண்ணனுக்கு இது வராது. வேற ஆளப் போடுங்க” என்றார் மாஸ்டர். கடைசியில் மாஸ்டரே கோபமான வாடிக்கையாளராக நடித்தார். கொஞ்சம் அதிகமாகவே நடித்தார். தன் புரோட்டாவைத் தானே திட்டினார். சப்ளையர் கும்பிட்டு, சிரித்து, “மன்னிக்கணும் சார், வேற கொண்டு வாரேன்” என்று அழகாகச் சொன்னார். அந்த மனிதருக்கு முன்பல் ஒன்று கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பயிற்சி பலித்தது. அதுதான் சிக்கல்.

அன்று சாயங்காலம் ஒரு ஆட்டோக்காரர் வந்தார். கடை தொடங்கியதிலிருந்து வருகிறவர். வழக்கம்போல மூலையில் உட்கார்ந்தார். இலை விழவில்லை. சப்ளையர் எதிரே போய்க் கைகூப்பி நின்றார்.

“வணக்கம் சார். என்ன சாப்பிடுறீங்க?”

ஆட்டோக்காரர் அவரைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, நான் உனக்கு என்ன செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யலை சார்.”

“சாரா?”

சாப்பிட்டார். போகும்போது என்னிடம், கடையைக் கைமாத்திட்டியாண்ணே என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. மறுநாளிலிருந்து எதிர்க்கடையில் அவர் ஆட்டோ நின்றது. இன்னொருவர் விலை ஏற்றப்போகிறோம் என்று நினைத்து, ஏறுவதற்குள் என்று பார்சல் வாங்கிப் போனார். லோடுமேன் மட்டும் சப்ளையரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்றார்.

அவள் இரண்டாவது தடவை மார்க் வாங்கினாள். இந்த முறை யாரும் மாஸ்டரைப் பார்க்கவில்லை. சேவை, பேச்சு என்ற இடங்களில் ஒன்று, இரண்டு என்று விழுந்தது. ஆக, பயிற்சிக்கு முன் முழு மார்க். பயிற்சிக்குப் பின் பாதி.

கூடப் படித்தவர்கள் சுலபமான வழி சொன்னார்கள். முன் தாளைப் பின்னாகவும் பின் தாளை முன்னாகவும் மாற்றி வைத்துவிட்டால் போதும். வரைபடத்தில் கோடு அழகாக மேலே ஏறும். பேராசிரியரும் நேரடியாகச் சொல்லாமல், கோடு ஏறுவதுதானேம்மா வழக்கம் என்றாராம்.

“என்ன செய்யட்டும்?” என்று என்னைக் கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகவே சொல்ல மாட்டேன். அதை அவள் ஒரு ஆலோசனையாக எடுத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன் என்றாள்.

ஆனால் ஏன் குறைந்தது என்று எழுத வேண்டுமே. அதற்காக மறுபடி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். சப்ளையரிடம், பயிற்சியெல்லாம் முடிந்தது, பழையபடி இருங்கள் என்று சொல்லியிருந்தாள். அவருக்கும் நிம்மதி. ஆட்டோக்காரரை லோடுமேன் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். உட்கார்ந்தார். சப்ளையர் கேட்கவில்லை, கும்பிடவில்லை. சடாரென்று இலை, நாலு முறுகல், மேலே சால்னா. “தள்ளி உக்காரு.” ஆட்டோக்காரர் தள்ளி உட்கார்ந்தார். தலை குனிந்து சாப்பிட்டார். கை கழுவும்போது விசிலடித்தார்.

அவள் அன்று எழுத ஆரம்பித்தவள்தான். கடைசி அத்தியாயம் மற்ற அத்தியாயங்களைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கெட்டி அட்டை போட்டு பைண்டிங் செய்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என்னை நிர்வாக இயக்குநர் என்று போட்டிருந்தாள். நான் அன்றும் மாவு பிசைந்தேன்.

வாய்மொழித் தேர்வு தல்லாகுளத்தில். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஏன் குறைந்தது என்ற கேள்விக்கான பதிலை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். காற்றில் பாதிதான் கேட்டது. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். போன வேகத்தில் வந்துவிட்டாள்.

“பாஸ்.”

“கேட்டாங்களா?”

“பரீட்சை எடுக்க வெளியூர்லருந்து வந்தவரு பக்கத்தப் புரட்டுனாரு. நம்ம கடை போட்டோ வந்துச்சு. நிறுத்திட்டாரு. சால்னா மட்டனா சிக்கனான்னு கேட்டாரு. ஞாயித்துக்கெழம உண்டான்னு கேட்டாரு. உண்டுன்னேன். அம்புட்டுத்தான்.”

தாள்களை மாற்றி வைத்திருந்தாலும் பாஸ்தான். கோடு ஏறியதா இறங்கியதா என்று அவர் பார்க்கவே இல்லை. கூடப் படித்தவர்களில், இல்லாத கம்பெனியை வைத்து எழுதிய ஒருவருக்கு இவளைவிட மார்க் கூட. அவர் கம்பெனியில் கோடு நன்றாக ஏறியிருந்தது.

பட்டம் வந்தது. நாற்காலியும் வந்தது. கூடவே தலைமைக் கடையிலிருந்து அச்சடித்த புத்தகம் ஒன்று கொடுத்தார்கள், புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க. முதல் பக்கத்தில், சிரிக்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

அதைக் கொண்டுவந்து கடை பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மதியம். மாஸ்டர் இன்னும் வரவில்லை. நான் மாவுக்கு எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடினேன். அது ஊறும்வரை எனக்கு வேலை இல்லை. அவள் முகம், நாற்காலி கிடைத்தவள் முகமாக இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“பயிற்சி குடுத்தும் ஏன் மார்க்கு கொறஞ்சுச்சு?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் செய்கிறேனா என்று பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கேக்குறதுதான் மரியாதைன்னு புத்தகம் சொல்லுது. ஆனா பழகுன ஆளுக்கிட்டக் கேட்டா, உன்னைய மறந்துட்டேன்னு அர்த்தம். நம்ம சப்ளையருக்கு நாம மரியாதையச் சொல்லிக்குடுக்கலை. மறக்கச் சொல்லிக்குடுத்துட்டோம்.”

“அப்ப சேலைக்கடைப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்குடுப்ப?”

யோசித்தாள். “அங்க வாரவங்க கல்யாணம், தீவாளின்னா வருவாங்க. யாரு என்னன்னு தெரியாது. அங்க கேட்டுத்தான் ஆகணும்” என்றாள். அந்த முதல் பக்கம் அங்கே சரிதான் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் ஒரு கேள்வி கேளுங்க.”

எனக்கு வேறு கேள்வி தெரியவில்லை. முதலில் கேட்டதையே மறுபடியும் கேட்டேன். அவள் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை இன்னும் நன்றாகச் சொன்னாள்.