குருவிநத்தத்தில் பன்னிரண்டு ஆள் தேடி

அந்த ஆண்டு தங்கத்தின் விலை படுத்துக் கிடந்தது. மைசூர்ச் சீமையின் சுரங்கக் கம்பெனிகள் செலவைக் குறைத்தே ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. எங்கள் கம்பெனியில் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: கூலியை ஏற்ற முடியாது, ஆனால் கிணறு வெட்டத் தெரிந்த பன்னிரண்டு பேர் வேண்டும். பொங்கல் முடிந்ததும் கிளம்பினேன்.

புதுச்சேரியிலிருந்து குருவிநத்தம் ஏறக்குறைய பதினைந்து மைல். விடியற்காலை ஐந்து மணிக்கு மாடு பூட்டினால் பதினொன்றுக்குப் போய்விடலாம். போக வர வண்டிச்சத்தம் ஒன்றரை ரூபாய். வண்டிக்காரர் இரண்டு கேட்பார், அசராதீர்கள். பாகூர் தாண்டியதும் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே பாதை படுமோசம். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

ஆற்றோர மணலில் சரியாமல் கிணறு வெட்டுவதில் அவ்வூர் முனுசாமி கோஷ்டிக்கு நிகரில்லை. ஆனால் போட்டிக் கம்பெனியின் ஏஜெண்டு முந்தின நாளே வந்து, மாதம் ஒரு ரூபாய் கூடுதலாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்த வேலை கெட்டது என்றே நினைத்தேன்.

முனுசாமியின் மனைவி அஞ்சலைதான் பேச்சைத் திருப்பினார். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தான்தான். கை நழுவினால் தாலி இழப்பவள் அவனுடைய அக்காள் அல்லவா?

"சொரங்கத்துல எங்கூட்டுக்காரருக்குக் கயிறு புடிக்கிறது யாருங்க?" என்று கேட்டார். "நேத்து வந்த ஆளு, மிஷினு புடிக்கும்னாரு. மிஷினுக்கு இன்னா தெரியும்?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. இயந்திரம்தான் இழுக்கிறது, ஆனால் மேலே ஒருவர் நின்று மணியடித்தால்தான் ஆள் இறங்கும் கூண்டு அசையும் என்றேன். அந்தக் கம்பெனி சிக்கனம் என்று மணிக்காரரையே எடுத்துவிட்டது, எங்களிடம் இன்னும் இருக்கிறார் என்பதையும் சொன்னேன். அந்த இடத்தில் தன் தம்பி கோவிந்தனை நிறுத்த முடியுமா என்றார் அஞ்சலை. எனக்கு அதிகாரமில்லை, எழுதிக் கேட்கிறேன் என்று வெறுங்கையோடு திரும்பினேன்.

மேனேஜர் துரை சம்மதித்தார். பழைய மணிக்காரருக்கு வயதாகிவிட்டதும் தோதாயிற்று. விலை விழுந்தால் கம்பெனி எங்கே கைவைக்கும் என்பதை அந்த அம்மாள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். அந்தக் கூடுதல் ஒரு ரூபாயை வேண்டாமென்று தள்ளவும் செய்தார். இன்றும் அவரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்தப் பக்கம் ஆள் சேர்க்கப் போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிருங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள், ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு பேரோடு கோவிந்தனும் வண்டியேறிய காலையில், மற்றப் பெண்கள் புருஷன்மார்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை முனுசாமி பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கண்ணசந்துடாதடா."