எட்டு மாதச் சராசரி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அணுபுரத்து ஊழியர்களைக் காலையில் வேலைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், சாயங்காலம் வரை வேனிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் செல்போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் இ.டி.எஃப். பல பெரிய கம்பெனிகளின் பங்குகளை ஒரே கட்டாக்கி, ஒற்றைப் பங்கைப் போல வாங்கி விற்கிற சமாச்சாரம்.

ஆசைக்கும் பயத்துக்கும் இடம் கொடுக்காமல் ஒரு விதிப்படி நடக்கவேண்டும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். மாதக் கடைசியில் விலை, முந்தைய சில மாதங்களின் சராசரிக்கு மேலே இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கீழே போனால் விற்றுவிட வேண்டும். எத்தனை மாதச் சராசரி என்பதுதான் கேள்வி. பழைய விலைகளை நோட்டில் எழுதி, அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். ஆறு, ஏழு, ஒன்பது, பத்து எதுவும் தேறவில்லை. சும்மா வாங்கிப் போட்டிருந்தாலே தேவலை. எட்டு மட்டும் அழகாக வந்தது. மற்ற பக்கங்களைக் கிழித்து சீட்டுக்கு அடியில் செருகினேன். பல வாரத்து உழைப்பு, தூக்கிப்போட மனம் வரவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் மீன் பிடிக்கும் என் மனைவியின் தம்பி ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்தான். படகுக்குப் புது என்ஜின் வாங்க வைத்திருந்த பணத்தை இதில் போடட்டுமா என்று கேட்டான். அதுவரை என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாம் மாதமே விலை சராசரிக்குக் கீழே போனது, விற்றோம். அடுத்த மாதம் ஏறியது, கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினோம். மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம். ஒவ்வொரு தடவையும் பணம் கொஞ்சம் கரைந்தது. இதற்கிடையில் பழைய என்ஜின் நடுக்கடலில் நின்று, வேறொரு படகு அவனைக் கரைக்கு இழுத்து வந்தது. அவன் வருவான் என்று தெரிந்தால் கல்யாண வீடுகளுக்குக்கூட நான் போவதில்லை. ஆனால் மாதக் கடைசி நாளில் அவனே வேனைத் தேடி வந்துவிடுவான்.

ஆறாம் மாதம் மூன்று மணிக்கு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும்.

"மாமா, இந்த மாரி மாறி மாறி அடிச்சது நோட்டுல எங்கனா கீதா?"

எட்டு மாதக் கணக்கில் இல்லை, மற்றவற்றில் இருந்தது. சீட்டுக்கு அடியில் கைவிட்டு, கிழித்த பக்கங்களை எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தான்.

"நூறு தபா வல போட்டு, மாட்ன ஒரு மீன மட்டும் போட்டோ புச்சி காட்டிகீற."

பக்கங்களை மடித்து என்னிடமே கொடுத்தான்.

"இன்னிக்கு எட்டு இன்னா சொல்லுது?"

"விக்க சொல்லுது."

"பத்து?"

"வெச்சிக்க சொல்லுது."

விற்கிற பட்டன் உள்ள திரையைத் திறந்து, தன் செல்போனை என் பக்கம் நீட்டினான். "நீ இன்னா சொல்ற?"

மூன்று இருபத்தைந்து ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். கூச்சத்தில் சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, போனை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான்.