மூன்று ஓலை, மூன்று அவஸ்தை

பாலக்கரை வியாகுலம்மாள் சாவதில் அனுபவம் உள்ளவள். 1958-ஆம் ஆண்டுக்கு முன்பே இரண்டு முறை சாகத் தயாராகி, இரண்டு முறையும் மனசை மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு முறைக்கும் காரணம் ஒன்றே. மகள் பேட்ரிசியாவுக்கு வரன் வந்திருந்தது.

சாகக் கிடப்பவரின் கண்ணிலும் காதிலும் கையிலும் சாமியார் மந்திரித்த எண்ணெய் தொட்டு வைப்பதைக் கத்தோலிக்கர்கள் அவஸ்தை பூசுதல் என்பார்கள். சாதாரண மனிதர்கள் அதை ஆயுளில் ஒரு தடவை வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் போய்ச் சேர்வார்கள். வியாகுலம்மாள் முதலில் வாங்கியது 1951-இல், தஞ்சாவூர் வாத்தியார் ஒருவர் பெண் பார்க்க வரவிருந்த வாரம். இரண்டாவது 1954-இல், பெரம்பூர் மாப்பிள்ளைக்காக. அந்தத் தடவை கோவிலில் ஓலையே இரண்டு வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று சாமியார் வாசிப்பார். பாலக்கரையில் யாரும் தடை சொல்லவில்லை. தடை வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தது.

"தாய் சாகக் கிடக்கையில் தாலியா?" என்று தெரு கேட்டது. பெரம்பூர்க்காரர்கள் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு பெண்ணுக்குப் போனார்கள். அந்தச் சேதி வந்த மறுநாள் வியாகுலம்மாள் எழுந்து கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

அவளுக்கு மகள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. கறக்கிற மாட்டை யாராவது வெறுப்பார்களா? புருஷன் ரயில்வே கார்டு, 1947-இல் காலமாகிவிட்டார். இருபது வயது பேட்ரிசியா அந்த வருஷமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போர்டில் இருக்கிற நூற்றுக்கணக்கான ஓட்டைகளில் சரியான ஓட்டையைப் பார்த்துப் பிளக்கைச் செருக வேண்டும். துணி வியாபாரியும் வக்கீலும் மிராசுதாரும் கத்துவார்கள். வெளியூர்க் காலுக்கு மூன்று நிமிஷத்துக்கு ஒரு கட்டணம்; அது ஆனதும், "மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்று நடுவில் புகுந்து சொல்ல வேண்டும். சண்டையோ அழுகையோ சரக்கு விலையோ, எல்லாவற்றுக்கும் அதே குரல். அந்தக் குரலில்தான் குடும்பம் சாப்பிட்டது.

குடும்பம் என்றால் தாயும் தம்பியும். தம்பி பெயர் தைரியராஜ். தகப்பன் ஆசையாக வைத்த பெயர். மகன் அதைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. மூன்று கம்பெனிகளில் வேலைக்குப் போய், மூன்று மேனேஜருக்கும் மரியாதை தெரியவில்லை என்று கண்டுபிடித்துத் திரும்பி வந்தான். கோவில் பாட்டுக் குழுவில் ஹார்மோனியம் வாசிப்பான். அதற்குச் சம்பளம் கிடையாது. அதனால் அதற்கு மட்டும் ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை.

அவனுக்கு வேலை கிடைக்கட்டும், அப்புறம் இவளுக்குக் கல்யாணம் என்பது வீட்டுச் சட்டம். அதற்குக் காவலாகக் காலண்டரும் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கல்யாணம் கூடாது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்தில் கூடாது; இவை திருச்சபை விதி. நவம்பர் ஆத்துமாக்களின் மாதம், அதிலும் வேண்டாம். இது வியாகுலம்மாள் விதி. போதாததற்கு ஆடியையும் மார்கழியையும் பக்கத்து இந்து வீடுகளிலிருந்து இரவல் வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த மாதங்களில் நெஞ்சு வலித்தது.

தெருவில் மற்றவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? பூசை முடிந்து வரும்போது, "முப்பது தாண்டிருச்சே, பேசாம கன்னியர் மடத்துல சேந்துடேம்மா" என்று இரக்கப்பட்டவர்கள்தான், வெளியூருக்கு டிரங்க் கால் பேச வேண்டியிருந்தால், "பேட்ரிசியாகிட்ட சொன்னா லைன் சீக்கிரம் கிடைக்கும்" என்று வந்து நின்றார்கள்.

இதற்கு நடுவில் அவளுக்குக் காதல் வந்தது. அது திண்டுக்கல்லிலிருந்து, கம்பி வழியாக வந்தது. திண்டுக்கல் எக்ஸ்சேஞ்சில் பிலோமின்ராஜ் என்று ஒருவர் வேலை பார்த்தார். ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"திருச்சி, உங்களுக்கு ஜலதோஷமா?"

"திண்டுக்கல், உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. மெட்ராஸ் லைன் வரமாட்டேங்குது. அதுவரைக்கும் இருமுங்க, கேக்குறேன்."

இரண்டு வருஷம் இப்படி. முகம் பார்த்தது 1956 மார்கழியில், ஸ்ரீரங்கத்தில். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகக் கோவிலுக்கு வெளியே தற்காலிக டெலிபோன் பூத் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். பெருமாளுக்காகக் காத்திருந்த லட்சம் பேருக்கு நடுவில், பலகைத் தடுப்புக்குள், இரண்டு கத்தோலிக்கர்கள் ஒரே போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சொர்க்கவாசலைத் தாண்டி வந்த மிளகாய் மண்டிக்காரர் ஒருவர், நெற்றியில் நாமம் காயுமுன்னே மெட்ராஸுக்குக் கால் போட்டு, "மோட்சம் ஆச்சு, நீ விலையைச் சொல்லு" என்று கத்தினார். பேட்ரிசியா சிரித்தாள். அடுத்த நாற்காலியும் சிரித்தது. குரலை வைத்து அவள் மனசில் வரைந்திருந்த ஆளைவிட அவர் குள்ளம். ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு.

டிரங்க் காலில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வேகத்தில் மூன்று வகை. பிலோமின்ராஜ் பிறவியிலேயே ஆர்டினரி. கல்யாணம் என்ற சொல்லை உச்சரிக்க அவருக்கு ஒரு வருஷம் ஆனது. உச்சரித்த கையோடு ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டார்.

"எங்க அம்மா ஒண்ணு சொல்றாங்க. கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுடணுமாம்."

"யாரு, நீங்களா?"

"இல்லீங்க... நீங்க."

"உங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சாங்களா? எங்கம்மா வேலையை விடாதேங்கிறாங்க. உங்கம்மா வேலையை விடுங்கிறாங்க. வேலை செய்யறவ நான் ஒருத்திதான், என்னை யாரும் கேக்கல."

"அப்ப என்னங்க செய்யறது?"

"திருச்சிக்கு மாத்தல் எழுதிப் போடுங்க. நான் போர்டை விட்டு வரமாட்டேன். உங்களுக்குத் தைரியம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. அந்தப் பேர்ல எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. மூணு நிமிஷம் ஆச்சு."

பிளக்கை உருவினாள். அந்த ஒரு தடவை பிலோமின்ராஜ் லைட்னிங்காக வேலை செய்தார். மாற்றல் வந்தது. திருவானைக்காவலில் வாடகைக்கு வீடும் பார்த்தார். எக்ஸ்சேஞ்சுக்கு பஸ் அங்கிருந்தே உண்டு.

வீட்டில் சொன்னபோது வியாகுலம்மாள் அழவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. "மாதா விட்ட வழி" என்றாள். 1958 ஆவணியில் முதல் ஓலை வாசித்தார்கள். அவள் பூசைக்கு வந்து முழங்காலில் நின்றாள். இரண்டாம் ஓலையன்று நாலு வீட்டுக்குப் போய் நேரில் அழைத்தாள். மூன்றாம் ஓலையும் ஞாயிறு காலைப் பூசையில் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை கல்யாணம். தெரு ஏமாந்து போய்விட்டது. பேட்ரிசியா ஏமாறவில்லை. பெட்டியைக் கட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அதன் பக்கத்தில் வியாகுலம்மாள் விழுந்தாள். பாத்திரம் நெளிந்துபோயிருந்தது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை.

"சாமியாரைக் கூப்பிடுங்க... இந்தத் தடவை நான் பிழைக்கமாட்டேன்."

ஜட்கா வண்டிக்காரர் அப்துல் சுக்கூர் தெருமுனையில் இருந்தார். முந்தைய இரண்டு அவஸ்தைக்கும் சாமியாரை ஏற்றி வந்தவர் அவர்தான். தைரியராஜ் ஓடி வருவதைப் பார்த்ததும், "ஏறுங்க தம்பி, குதிரைக்கே வழி தெரியும்" என்றார்.

பங்குச் சாமியார் செபஸ்தியான் கட்டிலருகே வந்து நின்றார். எண்ணெய்ச் சிமிழைத் திறக்கவில்லை.

"வியாகுலம்மா, அவஸ்தை பூசினா ஒண்ணு மோட்சத்துக்குப் போகணும், இல்ல நல்லபடியா எந்திரிச்சுக் கோவிலுக்கு வந்து நன்றி சொல்லணும். நீ மாப்பிள்ளை போன பிறகுதான எந்திரிக்கிற?"

"சாமி, சாகற மனுஷிகிட்ட கேலியா?"

சாமியாருக்கும் பயம் உண்டு. ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்? முனகியபடி பூசினார். ஜெபம் முடிந்து வாசலுக்கு வந்தவரிடம் பேட்ரிசியா கேட்டாள்: "சாமி, நாளைக்குக் கல்யாணப் பூசை ஆறரைக்குத்தானே?"

சாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு ஓலையும் வாசிச்சாச்சு. யாரும் எங்கிட்ட வந்து தடை சொல்லல. ஆறரைதான்."

உள்ளே தைரியராஜ் மந்திரித்த மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலை என்று கையில் பிடித்ததில் அவன் அதிக நேரம் பிடித்திருந்தது அதைத்தான்.

"அக்கா, உனக்கு மனசாட்சி இருக்கா? அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு இருக்கா?"

"நீ இருக்கியே."

"நான் தனியா என்ன பண்ணுவேன்?"

"ஹார்மோனியம் வாசி."

இரவு முழுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி, செபமாலை உருட்டி, ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொன்னார்கள். செபம் உதட்டில்தான். கண்ணெல்லாம் பேட்ரிசியா மேல். இவள் புடவை எடுக்கிறாளா, முக்காடு எடுக்கிறாளா? எடுத்தாள். விடியுமுன் குளித்து, பட்டுப் புடவை கட்டி, தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். செபம் தடுமாறியது. "கல் நெஞ்சு" என்று ஒருத்தி செபத்தோடு செபமாகச் சேர்த்துச் சொன்னாள்.

வாசலில் ஜட்கா நின்றது. பேட்ரிசியா கட்டிலருகே வந்தாள். வியாகுலம்மாளின் கண் மூடியிருந்தது. மூச்சு மேலும் கீழுமாகத் தேர்ந்த முறையில் போய் வந்தது.

"அம்மா, போறேன்."

தமிழ் வீட்டில் பால் வாங்கப் போகிறவன்கூட, போயிட்டு வரேன் என்றுதான் சொல்வான். கல்யாணப் பெண் வாசலைத் தாண்டும்போது போறேன் என்றால் கேட்கிறவர்களுக்கு உடம்பு கூசும். செத்துக்கொண்டிருந்தவளுக்கும் கூசியது. வியாகுலம்மாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"விளங்காதவளே! நல்ல நாளும் அதுவுமா போறேன்னா சொல்லுவ? போயிட்டு வரேன்னு சொல்லுடி!"

செபம் நின்றது. தைரியராஜ் கையில் மெழுகுவர்த்தி சாய்ந்து மெழுகு சொட்ட, அவன் "ஐயோ" என்றான். கல் நெஞ்சு என்று சொன்ன பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "வியாகுலம்மா, காபி குடிக்கிறியா?"

பேட்ரிசியா திருத்திச் சொல்லவில்லை. சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"அம்மாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்றார் அப்துல் சுக்கூர்.

"எந்திரிச்சு உக்காந்து திட்டறாங்க பாய்."

"அல்லாவே, பிழைச்சோம்! குதிரை சாமியார் வீட்டுக்குத் திரும்பப் பார்த்துச்சு" என்று கடிவாளத்தைச் சொடுக்கினார்.

கோவிலில் பிலோமின்ராஜ் வியர்த்துக்கொண்டு நின்றார். அவள் வருவதைப் பார்த்த பிறகுதான் கோட்டுப் பட்டனைப் போட்டார். தாலி ஏறியது. முதல் பெஞ்சு முழுக்கத் திண்டுக்கல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் நன்மை அப்பம் கொடுக்கிற நேரத்தில் வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. வியாகுலம்மாள் வந்துகொண்டிருந்தாள். நல்ல பட்டுப் புடவை, கையில் செபமாலை, கண் இமையில் அவஸ்தை எண்ணெய் இன்னும் மினுமினுத்தது. வேறொரு ஊர்க்காரி முதல் பெஞ்சில் உட்கார்ந்து வியாகுலம்மாள் மகள் கல்யாணத்தைப் பார்ப்பதைச் சாவுகூடச் சகித்துக்கொள்ளும், அவளால் முடியாது. திண்டுக்கல் சம்பந்தியை இடித்து நகர்த்தி உட்கார்ந்தாள்.

பூசை முடிந்து படிகளில் வைத்துக் கூட்டம் பார்க்க மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சாகக் கிடந்தேன். பெத்த மனசு கேக்குமா? எந்திரிச்சு ஓடி வந்துட்டேன்." சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். விடியுமுன் கல் நெஞ்சைப் பார்த்தவர்கள் இப்போது தாய் நெஞ்சைப் பார்த்தார்கள். "இனி இந்த வீட்டை யாரு பாப்பா? அடிக்கடி வருவேன்னு சொல்லுடி, மாசம் பொறந்தா வருவேன்னு சொல்லு" என்று அழுகை நீண்டது.

பேட்ரிசியா அசையாமல் நின்றாள். சண்டைக்கும் அழுகைக்கும் சரக்கு விலைக்கும் பழகிய அதே குரலில் சொன்னாள்:

"அம்மா, மூணு நிமிஷம் ஆச்சு."

தாயின் கைகளைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, வண்டியில் ஏறினாள்.