வாசலைப் பார்த்து உட்கார்ந்த அம்மாள்

அடுத்தவர் கதை உனக்கு எதற்கு? வேறு வேலையே இல்லையா? சரி, அந்த அம்மாள்தான் ஊரைவிட்டே போய்விட்டாரே, சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருந்தார். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்த வாட்ச். எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். யுத்தத்தில் எல்லை தாண்டி வேவு பார்த்தவராம். பிறகு ஒரு ஜில்லாவுக்கே முதல் பெண் கலெக்டராம். நிஜமா என்று கேட்டுவரப் பக்கத்து வீட்டுக்காரிகள் என்னை அனுப்பினார்கள். உறைமோர் கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு போனேன்.

“உங்க வளையல்லயே தயிர் ஒட்டியிருக்கே. யாரு அனுப்பினா?” என்றார்.

அசடு வழிந்தேன். காபி கொடுத்துவிட்டு அவர் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் தாங்காமல் நான்தான் உளறிக்கொட்டினேன். தினமும் பால்கனியில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்காருகிறேனே, எனக்கு எழுத்தே தெரியாது என்பதுவரை.

“தெரியும். உங்க கண்ணு வரியில ஓடாது, தெருவுலதான் ஓடும்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா.”

“நீங்களும்தான்,” என்று சிரித்தார்.

கீழே காத்திருந்தவர்களிடம் சொன்னேன்: “வேவாவது கீவாவது. அது வேற யாரோ அம்மாவாம். பேப்பர்லயே போட்டிருக்கு, நானே படிச்சேன்.”